பெண்களைப் பாதிக்கும் ஒரு சட்டத்தைப் பற்றி எழுதுவது எப்படி: ஒரு ஸ்டூலிலிருந்து தொடங்கலாம்

பெண்கள் பிரச்சினைகளைப் பற்றி எழுத வேண்டும், எங்கே தொடங்குவது என்று கேட்டு வருகிற பிள்ளைகளிடம் நான் தலைப்பு எதுவும் கொடுப்பதில்லை. ஒரு சட்டப் பிரிவைக் கொடுத்து அனுப்புவேன். பெண் பாதுகாப்பு, பெண் உரிமை என்று ஆரம்பித்தால் கட்டுரை பட்டிமன்றப் பேச்சாகத்தான் முடியும். கைதட்டல் கிடைக்கும், ஒரு அதிகாரியும் பதில் சொல்ல வேண்டிய கட்டாயத்துக்கு வரமாட்டார். ஒரு பிரிவை எடுத்துக்கொண்டால் அதை நிறைவேற்ற வேண்டியவர் யார், நிறைவேற்றினாரா என்று கேட்க முடியும். அது நடந்திருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்க்கவும் முடியும்.

நான் மதுரைக்காரி. தொழிற்சங்க இதழ்களுக்கும் சிறுபத்திரிகைகளுக்கும் எழுதுகிறவள். விளக்குத்தூண், தெற்கு மாசி வீதிப் பக்கம் ஜவுளிக்கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள்தான் என் களம். அதனால் இங்கேயும் அந்த உதாரணத்தையே கடைசிவரை கொண்டுபோகிறேன். உங்கள் விஷயம் பேருந்தாக இருக்கலாம், ரேஷன் கடையாக இருக்கலாம். வேலை செய்யும் முறை ஏறக்குறைய இதுதான்.

முதலில் சட்டத்தின் வாசகம்

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இல் வந்தது. அதைத் திருத்தும் மசோதா 2021 செப்டம்பரில் சட்டமன்றத்துக்கு வந்து, 22-ஏ என்ற புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. பத்திரிகைகள் இதை 'உட்காரும் உரிமை' என்று எழுதின. பெண் ஊழியர்களுக்கு நாற்காலி என்றுதான் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

பிரிவை எடுத்து வாசித்துப் பாருங்கள். ஒரே ஒரு வாக்கியம்தான். எல்லா ஊழியர்களுக்கும் பொருத்தமான இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்பு கிடைத்தால் அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடிய வேண்டும். வேலை நேரம் முழுக்கக் காலிலேயே நிற்கும் நிலை வரக்கூடாது. சாரம் இவ்வளவுதான். பெண் என்று அதில் எங்கேயும் இல்லை. எத்தனை ஊழியருக்கு எத்தனை இருக்கை என்ற கணக்கும் இல்லை. முதுகு சாயும் நாற்காலியா, குட்டி ஸ்டூலா, எங்கே போட வேண்டும் என்பதும் இல்லை.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை, ஐந்து நிமிடம் போதும். ஆனால் கட்டுரையின் பாதிக் கேள்விகள் இதிலிருந்துதான் வரும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பழைய சட்டத்தைச் சொல்கிறேன். பிரிட்டனில் 1899இல் கடை உதவியாளர்களுக்கான இருக்கைச் சட்டம் ஒன்று வந்தது. மூன்று பெண் உதவியாளர்களுக்குக் குறைந்தது ஒரு இருக்கை என்று அதில் கணக்கே இருந்தது. நூற்றிருபது வருடம் கழித்து வந்த நம்முடைய பிரிவில் கணக்கு இல்லை. அதற்காக நம்முடையது மோசம் என்று உடனே எழுதிவிடாதீர்கள். எல்லா ஊழியர்களும் என்று சொன்னதால் ஆண் ஊழியர்களும் இதற்குள் வருகிறார்கள். அது நல்லதுதான். கணக்கு இல்லாததால் ஆய்வுக்கு வருகிறவர் எதை வைத்து 'போதாது' என்று எழுதுவார் என்பது வேறு கேள்வி. நான் கட்டுரைக்கு எடுத்துக்கொள்வது இந்த இரண்டாவது கேள்வியைத்தான்.

இந்த வாசகம் எங்கிருந்து வந்தது என்றும் தேடுங்கள். 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு ஏறக்குறைய இதையேதான் சொன்னது: நின்று வேலை செய்ய வேண்டிய தொழிலாளர்களுக்கு, ஓய்வு கிடைக்கும்போது உட்கார இருக்கை வேண்டும். மில்லில் வேலை செய்கிறவருக்கு 1948இலேயே எழுதி வைத்ததைக் கடையில் வேலை செய்கிறவருக்கு எழுத 2021 வரை ஆனது. ஏன் என்று யோசித்தால் கட்டுரைக்கு ஒரு நல்ல பகுதி கிடைக்கும்.

மசோதாவோடு சேர்த்து 'நோக்கக் காரண விளக்கவுரை' என்று ஒரு பக்கம் இருக்கும். பலர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நீங்கள் தாண்டாதீர்கள். இந்த யோசனை 2019 செப்டம்பரில் மாநிலத் தொழிலாளர் ஆலோசனை வாரியத்தின் முன் வைக்கப்பட்டு ஏற்கப்பட்டது என்ற தகவல் அதில்தான் இருக்கிறது. கேரளத்தின் பாதை வேறு. கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெருக் கடைப் பெண்களை விஜி என்ற பெண் செயற்பாட்டாளர் ஒன்று திரட்டினார். 'பெண்கூட்டு' என்ற பெயரில் முதலில் கழிப்பறைக்கும் பிறகு உட்காருவதற்கும் வருடக்கணக்கில் போராடி, 2018இல் சட்டத்தை மாற்ற வைத்தார்கள். கேட்டு வாங்கிய சட்டத்துக்குப் பின்னால் அது நடக்கிறதா என்று பார்க்க ஆள் இருக்கும். வாரியக் கூட்டத்திலிருந்து வந்த சட்டத்துக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? இது என் கருத்து. உங்கள் கள ஆய்வு வேறு மாதிரி சொன்னால் அதையே எழுதுங்கள்.

எந்தச் சட்டத்தை எடுத்தாலும் அது இன்றைக்கும் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். 1961ஆம் வருட மகப்பேறு பயன் சட்டத்தை மேற்கோள் காட்டி இப்போதும் பலர் எழுதுகிறார்கள். 2025 நவம்பர் 21 முதல், பழைய மத்தியச் சட்டங்கள் பலவற்றுக்குப் பதிலாக நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. மகப்பேறு விடுப்பு இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் இருக்கிறது. தொழிற்சாலைகள் சட்டமும் இன்னொரு தொகுப்புக்குள் போய்விட்டது. கடைகள் சட்டம் மாநிலச் சட்டம் என்பதால் அந்தக் கணக்கில் வரவில்லை.

திட்டமாக இருந்தால் மூன்று தாள்

சட்டத்தை விட்டு ஒரு திட்டத்தைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால் அரசாணை, வழிகாட்டு நெறிமுறை, விண்ணப்பப் படிவம் மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அரசாணையைத் தேட எண், நாள், துறை மூன்றும் வேண்டும். படிவத்தைத்தான் யாரும் மதிப்பதில்லை, ஆனால் உண்மை அதில்தான் இருக்கும். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15இல் தொடங்கியபோது இருந்த தகுதிகளைப் பாருங்கள்: 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள், புன்செய் பத்து ஏக்கருக்குள், வருட மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள். அதோடு, ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பெண்தான். மாமியாரும் மருமகளும் ஒரே அட்டையில் இருந்தால் யாருக்குப் போகும், அந்த வீட்டில் அதை யார் முடிவு செய்தார்கள்? பெண்ணுக்குத் தரும் பணத்தைக் குடும்ப அட்டையை வைத்து அளப்பதால் வரும் கேள்வி இது. பாராட்டியும் திட்டியும் வந்த கட்டுரைகளில் நான் இதை அதிகம் பார்த்ததில்லை.

எண்ணுக்குக் கீழே குனிந்து பார்க்க வேண்டும்

கடைப் பெண்கள் ராத்திரி வீட்டுக்குப் போன பிறகு பார்க்கும் வேலையைப் பற்றி எழுதும்போது தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை எடுப்பேன். 2019ஆம் வருட அறிக்கையில் ஒரு எண் பிரபலம்: சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். மேடையில் சொல்ல நல்ல எண். ஏறக்குறைய மூன்று மடங்கு.

ஆனால் அது அந்த வேலையில் ஈடுபட்டவர்களின் சராசரி மட்டும். அதே அறிக்கையில் பக்கத்திலேயே இன்னொரு எண் இருக்கிறது. அன்றைக்கு வீட்டு வேலை ஏதாவது செய்தவர்கள் பெண்களில் 81.2 சதவீதம், ஆண்களில் 26.1 சதவீதம். அதாவது அந்த 97 நிமிடம், நான்கில் ஒரு ஆண் செய்தது. மீதி முக்கால்வாசிப் பேர் விளக்குமாற்றைத் தொடவே இல்லை. வேலை செய்யாதவர்களையும் சேர்த்து எல்லா ஆண்களுக்கும் சராசரி போட்டால் ஏறக்குறைய 25 நிமிடம், பெண்களுக்கு 243 நிமிடம். மூன்று மடங்கு என்று சொன்னது பத்து மடங்கை நெருங்கிவிட்டது. இரண்டு கணக்குமே சரிதான். எதைச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டுச் சொல்ல வேண்டும்.

2024 கணக்கெடுப்பில் ஈடுபட்டவர்களின் சராசரி பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88 என்று குறைந்திருக்கிறது. 'பெண்களின் சுமை பத்து நிமிடம் குறைந்தது' என்று ஒரு வரி எழுதத் தோன்றும். ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறதே, அந்த வேலையெல்லாம் எங்கே போயிற்று? கேஸ் அடுப்பா, மிக்ஸியா, வெளிச் சாப்பாடா, கணக்கெடுத்த விதமா? தெரியாமல் காரணம் எழுத வேண்டாம்.

எந்த எண்ணைப் பயன்படுத்தினாலும் நான் பார்ப்பது: யாரையெல்லாம் கேட்டார்கள், என்ன வயது, எந்த வருடம், யாருடைய சராசரி. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பிலும் தொழிலாளர் கணக்கெடுப்பிலும் இதே கேள்விகள்தான். அகில இந்திய எண்ணை எடுத்து மதுரைக்குப் போடுவது கூடவே கூடாது.

ஆபீஸிடம் கேட்பது

மானியக் கோரிக்கை, அதாவது துறைவாரியாக நிதி ஒதுக்கீட்டை விவாதிக்கும் சமயத்தில் ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்தில் ஒரு கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கும். இணையத்தில் கிடைக்கிறது, தமிழிலேயே இருக்கிறது. தொழிலாளர் துறையின் குறிப்பில் எந்தச் சட்டத்தின் கீழ் எத்தனை ஆய்வு என்று பார்க்கலாம். ஒரு வருடத்தை மட்டும் வாசித்தால் பயனில்லை. நான்கைந்து வருடத்தை வரிசையாக வைத்துக்கொண்டு, எந்த அட்டவணை காணாமல் போயிருக்கிறது என்று பார்ப்பது என் பழக்கம்.

அதில் இல்லாததற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பலாம், ஆன்லைனிலும் போடலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, வந்தது போதாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு. அதற்குப் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

கேள்வி கேட்கும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?' என்று கேட்டால், இது தகவல் அல்ல என்று ஒரே வரியில் திருப்பி அனுப்புவார்கள். ஆவணமாக இருப்பதை மட்டும் கேளுங்கள். நான் எழுதுவது இந்த மாதிரி:

'1947ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் மதுரை மாவட்டத்தில் 2022 முதல் ஒவ்வொரு ஆண்டும் நடத்தப்பட்ட ஆய்வுகளின் எண்ணிக்கை. அவற்றில் பிரிவு 22-ஏ மீறப்பட்டதாகப் பதிவு செய்யப்பட்டவை, வழக்குத் தொடரப்பட்டவை, விதிக்கப்பட்ட அபராதத் தொகை. ஆய்வின்போது பயன்படுத்தப்படும் படிவத்தின் நிரப்பப்படாத நகல் ஒன்று.'

கடைசி வரியைக் கவனியுங்கள். இருக்கை பற்றி அந்தப் படிவத்தில் ஒரு கட்டமே இல்லையென்றால், ஆய்வுக்கு வருகிறவர் அதைப் பார்க்காமல் போவதற்கு அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. 'தனியாகப் பராமரிக்கப்படவில்லை' என்று பதில் வந்தாலும் மனம் தளர வேண்டாம். அதுவே கட்டுரையில் ஒரு பத்தி: சட்டம் இருக்கிறது, அதை மீறியவர்களைத் தனியாக எண்ணும் பழக்கம் அந்த ஆபீஸில் இல்லை.

கூடவே சட்டத்தில் தண்டனைப் பிரிவு எது, எவ்வளவு அபராதம், 22-ஏ அதற்குள் வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பழைய சட்டங்களில் அபராதத் தொகையைப் பார்த்தால் சில சமயம் சிரிப்பு வரும்.

பெண்களிடம் பேசுவது

இதற்குத்தான் அதிக நேரம் ஆகும். ஆக வேண்டும்.

கடைக்குள் போய்ப் பேசாதீர்கள். மேலே சிசிடிவி இருக்கும், பக்கத்தில் சூப்பர்வைசர் இருப்பார், உங்களோடு பேசிய பெண்ணுக்கு அன்றைக்கு சாயங்காலமே திட்டு விழும். வாடிக்கையாளராகப் போய்ச் சேலை பார்க்கலாம், கண்ணால் பார்த்ததை எழுதலாம். பேச்சு வெளியேதான். கடை மூடிய பிறகு பெரியார் பேருந்து நிலையத்தில் கடைசி பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தோடு நின்றால் அறிமுகம் கிடைக்கும். நின்று நின்று அலுத்தவர்களிடம் அங்கேயே பேட்டி எடுக்க வேண்டாம். நம்பர் வாங்கிக்கொண்டு, அவர்களுடைய விடுமுறை நாளில் அவர்கள் சொல்லும் இடத்துக்குப் போங்கள். ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்களிடம் பேசுவது கஷ்டம். ஊருக்கு வரும்போது பேசலாம், ஆடித் தள்ளுபடி முடிந்த பிறகு வருவார்கள்.

'வழக்கமாக உட்கார விடுவார்களா?' என்று கேட்காதீர்கள். 'விடுவாங்க' என்றோ 'விட மாட்டாங்க' என்றோ ஒற்றை வார்த்தையில் முடிந்துவிடும். நேற்றைப் பற்றிக் கேளுங்கள். நேத்து எத்தனை மணிக்குக் கடைக்குள்ள போனீங்க? முதல்ல எப்ப உட்கார்ந்தீங்க? எங்க? யாராவது பார்த்தாங்களா? பார்த்துட்டு என்ன சொன்னாங்க? இப்படிக் கேட்டபோதுதான் பட்டுச் சேலைப் பிரிவில் இருக்கும் ஒரு பெண் சொன்னாள்: "சேரு கெடக்குக்கா. உக்காரத்தான் முடியாது. உக்காந்தா ஃப்ளோர் அண்ணன் வந்து, 'என்னம்மா, கஸ்டமர் இல்லையா, அப்ப பீஸை மடிச்சு வை'ன்னுருவாரு."

அந்த ஒரு பதிலில் சட்டத்தின் ஓட்டை முழுதும் இருக்கிறது. பிரிவு சொல்வது, வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்று. வாய்ப்பே வராமல் பார்த்துக்கொள்ள மடிக்காத சேலை எப்போதும் இருக்கும். ஆய்வுக்கு வருகிறவர் நாற்காலியைப் பார்ப்பார், இருக்கிறது என்று குறித்துக்கொள்வார். அவர் எழுதுவது பொய்யில்லை.

இன்னொன்றும் இப்படித்தான் தெரியவந்தது. தண்ணீர் எவ்வளவு குடித்தீர்கள் என்று கேட்டேன். கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டியிருப்பதால், மத்தியானம் வரை குடிப்பதே இல்லை என்று பலர் சொன்னார்கள். ஆண் ஊழியர்கள் பக்கத்துச் சந்தில் டீ குடிக்கப் போகிற சாக்கில் வெளியே போய் வந்துவிடுகிறார்கள். நிற்பது இரண்டு பேருக்கும் ஒன்றுதான். மாதவிலக்கு நாளிலும் கர்ப்ப காலத்திலும் நிற்பது ஒன்றல்ல. 'எல்லா ஊழியர்களும்' என்று பொதுவாகப் பேசும் ஒரு சட்டம் ஏன் பெண்கள் விஷயம் என்பதை இங்கேதான் காட்ட முடியும். கால் வீக்கம், நரம்புச் சுருட்டு, இடுப்பு வலி என்று அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னதாக எழுதுங்கள். நீண்ட நேரம் நிற்பதற்கும் இவற்றுக்கும் உள்ள தொடர்பை ஒரு மருத்துவரிடம் கேட்டு எழுதுங்கள். நீங்களே டாக்டராகிவிட வேண்டாம்.

பெயரை மாற்றினால் மட்டும் போதாது. 'உசிலம்பட்டியிலிருந்து வந்து மூன்றாவது மாடியில் குழந்தைகள் பிரிவில் வேலை பார்க்கும், போன மாதம் நிச்சயமான 22 வயதுப் பெண்' என்று எழுதினால் அந்தக் கடையில் எல்லோருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஊரோ, பிரிவோ, வயதோ, ஏதாவது ஒன்றை மட்டும் வையுங்கள். வெளியிடும் முன்பு அவர்களைப் பற்றிய பகுதியை அவர்களுக்கே போனில் வாசித்துக் காட்டுங்கள். ஒரு பெண் 'இந்த வரி வேண்டாம்க்கா' என்றால் அது எவ்வளவு நல்ல வரியாக இருந்தாலும் எடுத்துவிடுவேன்.

கடைக்காரர்களிடமும் பேச வேண்டும். பேசினால் எளிதில் தள்ளிவிட முடியாத பதில்கள் வரும். முகூர்த்த நாளில் கூட்டம் தாங்காது, கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டால் நடக்க இடமில்லை என்றார் ஒரு மேனேஜர். போய்ப் பார்த்தேன், இடம் உண்மையிலேயே குறைவுதான். மடக்கு ஸ்டூல் போடலாமே என்றதற்கு, "வர்றவங்க நம்ம பிள்ளைங்க உக்காந்திருக்கிறதைப் பார்த்தா மதிக்கலைன்னு நினைப்பாங்கம்மா" என்றார். சட்டத்துக்கு எதிரே நிற்பது முதலாளியின் பணக் கணக்கு மட்டுமில்லை, சேலை வாங்க வருகிற நாமும்தான் என்று அன்றைக்கு எழுதிக்கொண்டேன்.

எழுத உட்காரும்போது

அவலம், கண்ணீர், கொடுமை, மாதர் தம்மை இழிவு செய்யும் மடமை என்றெல்லாம் ஆரம்பிக்க வேண்டாம். கடை எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று ஆரம்பியுங்கள். சட்டப் பிரிவை இரண்டாவது, மூன்றாவது பத்திக்குள் சொந்த வார்த்தையில் சொல்லிவிடுங்கள். எண்கள் மூன்றுக்கு மேல் போனால் வாசிக்கிறவர் நழுவிவிடுவார்.

யார் செய்ய வேண்டும் என்பதை 'அரசு' என்று பொதுவாக விடாதீர்கள். அரசு என்றால் முதலமைச்சரிலிருந்து தலையாரி வரை எல்லோரும்தான், அதாவது யாரும் இல்லை. இந்த விஷயத்தில் விதி வகுக்க வேண்டியது தொழிலாளர் நலத்துறை. ஆய்வுக்குப் போக வேண்டியவர் தொழிலாளர் உதவி ஆய்வாளர். பதவியை எழுதுங்கள், அவரிடம் கேட்டு அவர் பதிலையும் சேருங்கள். பதில் சொல்லாவிட்டால் எந்தத் தேதியில் கேட்டீர்கள் என்று எழுதுங்கள்.

கோரிக்கையும் சின்னதாக, செய்யக்கூடியதாக இருக்கட்டும். 'பெண்களின் நிலை மாற வேண்டும்' என்பதை யாராலும் நிறைவேற்ற முடியாது. நான் வைத்தவை: இத்தனை ஊழியருக்கு ஒரு இருக்கை என்று விதியில் எண் வேண்டும், ஆய்வுப் படிவத்தில் இருக்கைக்கும் கழிப்பறை இடைவேளைக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும், ஆய்வாளர் ஊழியர் ஒருவரிடமாவது தனியாகப் பேசிவிட்டுத்தான் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றாவதுக்குச் செலவே கிடையாது.

கட்டுரை வந்த பிறகு வேலை பாதி மிச்சம் இருக்கும். அச்சான பக்கத்தோடு ஒரு மனுவை இணைத்துத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள். மாநில மகளிர் ஆணையத்துக்கு ஒரு பிரதி, தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு ஒரு பிரதி. எம்.எல்.ஏ. பக்கம் போகும்போது கட்டுரையை மட்டும் கொடுக்காமல், சட்டமன்றத்தில் கேட்கக்கூடிய மாதிரி ஒரு கேள்வியை அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அவருடைய உதவியாளருக்கு வேலை மிச்சம், உங்கள் கேள்வி உள்ளே போக வாய்ப்பும் கூடும். அப்புறம் காலண்டரில் ஒரு வருடம் தள்ளிக் குறித்து வைத்துவிட்டு, அதே தகவல் மனுவை ஒரு எழுத்து மாற்றாமல் மறுபடி அனுப்புங்கள். கேள்வியை மாற்றினால் இரண்டு பதில்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.